பத்திரம் எல்லாம் பத்திரமா?

"டெபாசிட்தான அண்ணாச்சி, அசல் எங்க போயிரப் போவுது?"

சாகுபுரம் ஆலையை அண்டி வாழும் எங்கள் பக்கத்தில், பிஎஃப் பணமும் கிராஜுவிட்டியும் கைக்கு வரும் மாதத்தில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. பங்குச் சந்தை என்றால் சூதாட்டம். டெபாசிட், கடன் பத்திரம் என்றால் பயமே இல்லை. பத்திரம் என்ற சொல்லுக்கு ஆவணம் என்றும் பொருள், பாதுகாப்பு என்றும் பொருள். முதலாவதை வாங்கிவிட்டு, இரண்டாவதும் கூடவே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் இது உப்பளப் பூமி. வாரிக் குவித்த உப்பைக்கூட லாரி ஏறும்வரை வருமானமாக எண்ண மாட்டோம். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்கள். வானத்தை இவ்வளவு சந்தேகிக்கிறவர்கள், வட்டி தருகிறேன் என்பவனை மட்டும் ஏன் அப்படியே நம்புகிறோம்?

டெபாசிட் என்பது நாம் கொடுக்கும் கடன். கடன் வாங்குகிறவன் யார், வாங்கி என்ன செய்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. நாமோ வட்டி எவ்வளவு என்று ஆரம்பிக்கிறோம்.

1906 அக்டோபர் 16 அன்று வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வாங்கியவர்களுக்குக் கப்பல் மூழ்கலாம் என்பது தெரியும். ஆறு நாள் கழித்து சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. அங்கே பணம் போட்டவர்கள் சூதாடப் போனவர்களா? வெள்ளைக்காரன் கம்பெனி, கல்லுக் கட்டடம், ஒழுங்காக வரும் வட்டி என்று நம்பிச் சேமிப்பை வைத்தவர்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார், போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சுதேசிக் கம்பெனியும் பிழைக்கவில்லைதான். ஆனால் அதில் போட்டவர் எதில் போடுகிறோம் என்று தெரிந்து போட்டார்.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். மயிலாப்பூர் இந்து சாசுவத நிதி 1872இல் தொடங்கியது, பெயரிலேயே சாசுவதம். மாதம் 30 சதவீதம் என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிதி நிறுவனம் போன்றதல்ல, அடக்கமான வட்டிதான். 2024இல் முதிர்ந்த டெபாசிட்டைக் கேட்டு முதியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் வரிசையில் நின்றார்கள். பேராசைக்காரர்தான் ஏமாறுவார் என்ற ஆறுதலும் அத்தோடு போயிற்று.

வங்கியே விற்றால்? 2020 மார்ச்சில் எஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்கள் ஒரே உத்தரவில் பூஜ்யமாயின. அவற்றைச் 'சூப்பர் எஃப்டி' என்று சொல்லித் தனிநபர்களிடம் விற்றதாகப் பிறகு செபி சொன்னது. அந்தத் தள்ளுபடியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்ய, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அசல் எங்கே போகும் என்று கேட்டோமே, கோர்ட்டுக்கும் போகும்.

அரசுப் பத்திரத்தில் பணம் வராமல் போகும் பயம் கிடையாது. ஆனாலும் 7 சதவீத வட்டியில் 100 ரூபாய்க்குப் பத்தாண்டுப் பத்திரம் வாங்கிய கையோடு சந்தை வட்டி 8 ஆனால், அன்றைக்கு அதை விற்கப் போனால் ஏறத்தாழ 93 ரூபாய்தான் கிடைக்கும். முதிர்வுவரை காத்திருக்க முடிந்தவருக்கு இந்த நஷ்டம் இல்லை. மகள் கல்யாணத்துக்கு இடையில் எடுக்கிறவருக்கு உண்டு.

டெபாசிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வங்கிக்குப் பிரிக்கலாம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 10,000 ரூபாய் இருந்தால் ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் கணக்கு வழியே அரசுக்கே நேராகக் கடன் கொடுக்கலாம். ஏஜென்ட் வீடு தேடி வந்து இவற்றைச் சொல்ல மாட்டார், கமிஷன் பெரிதாக இல்லை.

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் 12 சதவீத வட்டி நோட்டீசோடு வந்தார். கைமாத்து ஐயாயிரம் கேட்டாலே ஆளைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கிறவர். இந்த நோட்டீஸ்காரனை விசாரித்தீர்களா என்றேன்.

"ஆபீசுக்கு ஏசி போட்டிருக்கான்லா" என்றார்.