உங்கள் மணிக்கணக்கு யார் கையில்?



நேரக் கணக்கு என்பது நம் மலைநாட்டுக்குப் புதிய சங்கதி அல்ல. ஜே.ஏ. ரசல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அந்நாளையத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள், செக்ரோலில் பதிவார்கள், பறித்த கொழுந்தை நிறுத்து எழுதுவார்கள். ஆனால் பென்சில் எப்போதும் கிராணியின் கையில்தான் இருக்கும். பறித்தவளிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது.

இன்று சட்டம் சற்று மேல். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதலாளி தொழிலாளர் பதிவேடு வைக்க வேண்டும். அதில் எழுதியதை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாக்க வேண்டும். 1.1.2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, முன்பு 48. சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். எந்த மணிக்கு ஒன்றரை மடங்கு என்று கேட்க, உங்களிடமும் ஒரு கணக்கு வேண்டாமா?

சம்பள வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் செய்யும் நம் பிள்ளைகளின் நிலை இதைவிடச் சிக்கல். அவர்களுக்காக எழுத கிராணியும் இல்லை, சட்டமும் இல்லை. என் பழைய மாணவன் ஒருவன் காய்கறித் தோட்டங்களுக்கு நீர்க்குழாயும் பம்பும் பழுது பார்க்கிறான். கைராசிக்காரன். ஓரிடத்தில் "மூன்று நாள் வேலை" என்று ஒரே வரியில் பில் கொடுத்தான். "மழையில் பாதி நேரம் சும்மாதானே இருந்தாய்?" என்று இரண்டு நாளுக்கு மட்டும் பணம் வந்தது. மழைக்கு ஒதுங்கியது ஒரு மணி நேரம். சாமான் வரவில்லை என்று முதலாளியே காக்க வைத்தது அரை நாள். எழுத்தில் எதுவும் இல்லாததால் அவன் வாய் அடைத்துப் போயிற்று. வீட்டில் கைக்குழந்தை வேறு.

பெரிய வழக்கறிஞர்களும் இந்தக் கணக்கை எழுதித்தான் பணம் வாங்குகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்ற வழக்கறிஞர் தம் அலுவலகத்தில் நேரப் பதிவு முறையைக் கொண்டுவந்தார். ஒரு மணியைப் பத்தாக, ஆறாறு நிமிடமாகப் பிரித்து எழுதும் வழக்கம் அவர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஏழைகளுக்கு நீதி கிடைப்பதில்லை என்று 1919-இலேயே நூல் எழுதிய மனிதர் அவர்.

நமக்கு ஆறு நிமிடம் வேண்டாம், கால் மணி போதும். தேதி, இடம், தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், செய்த வேலை, இவ்வளவே. காத்திருந்த நேரத்தைத் தனியாக, காரணத்தோடு எழுதுங்கள். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் நேரத்துக்குக் காசு உண்டா என்பதை வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். விடுமுறை நாள் நெரிசலில் அதுவே பெரிய கணக்கு. இரவில் நினைவுபடுத்தி எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். களைத்த மூளை முழு மணியாகத்தான் எண்ணும்.

பில்லில் "மூன்று நாள்" என்று போடாமல், பழைய குழாய் தோண்டியது 5 மணி, பம்பு மாற்றியது 6½ மணி, சாமானுக்குக் காத்தது 4 மணி என்று வேலைவாரியாகக் காட்டுங்கள். நாள்தோறும் வேலை முடிந்ததும் முதலாளியிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்குங்கள். கூச்சமாக இருந்தால், பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று: பேனாவில் எழுதாதீர்கள். நம் மலை மழைக்கு மை கரைந்துவிடும்.