சீனிப்பால் பிள்ளைப்பால் ஆகுமா?

பொழுது புலருமுன்னே தாய் பால் வெட்டப் புறப்பட்டுவிடுகிறாள். பிள்ளை ஆயாக் கொட்டகையிலோ பாட்டியின் மடியிலோ கிடக்கிறது. அழுதால் வாயில் வைக்க ஒரு புட்டி வேண்டும். அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

இது புதிய கேள்வியல்ல. 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் தலைப்பு "பாலும் கொலையும்". தாய்ப்பாலை மறக்கச் செய்து, சீனிப்பால் டின்னைக் கையில் திணிக்கும் விளம்பரங்கள் சிசுக்களைக் கொல்கின்றன என்று அவர் தயவு தாட்சண்யமின்றி எடுத்துரைத்தார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்துக்கு உலக சுகாதார சபை ஒழுங்குமுறை வகுத்தது 1981ஆம் ஆண்டில்தான். இடையே 42 ஆண்டுகள் ஓடிவிட்டன!

சீனிப்பால் டின்னில் பாதிக்கு மேல் சர்க்கரை. கிரீமர் என்று விற்கப்படும் டின்னிலோ பால்சத்து அதைவிடக் குறைவு. எண்ணெயும் சீனியுமே அதிகம். தேநீருக்கு அது சரி. பிள்ளைக்கு அது பாலே அல்ல. வயிறு நிரம்பியதுபோல் தோன்றும், உடம்பு தேறாது. முளைக்கும் பல் சொத்தையாகும். சீனிக்குப் பழகிய நாக்கு கீரையையும் பருப்பையும் துப்பிவிடும்.

டின்னை விட்டு மாவுணவுப் பெட்டிக்குப் போனால் தப்பித்தோமா? 2024ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே பெயரில் விற்கும் குழந்தை உணவு ஜெர்மனியில் சீனி சேர்க்காமலும், இந்தியாவில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 3 கிராம் சீனியோடும் விற்கப்பட்டது என அது கூறியது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஆகாத சீனி நம் இனத்துப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? அதே ஆண்டில் சீனி சேர்க்காத வகைகள் இந்தியாவிலும் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டன. ஆக, செய்ய முடியாத காரியம் அல்ல!

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு, குழைய வடித்த சோறு, மசித்த பருப்பு, கீரை, பூசணி, முட்டை, மீன், வாழைப்பழம் போன்றவை. இரண்டு வயதுவரை சீனி கலந்த பானம் வேண்டாம். இவையெல்லாம் நம் அடுப்பங்கரையில் ஆகக்கூடியவை. கேழ்வரகுக் கூழுக்குச் சீனி எதற்கு? ஒரு வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் போதாதா?

ஆனால் தாய்மாரைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. 2023ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வரவேற்கிறோம். எனினும் ஆறு மாதம் என்பது 180 நாள். மீதி 82 நாளுக்குத் தாய் மரத்தடியில், பிள்ளை புட்டியடியில்! அறிவுரை கூறுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா?

ஆகவே நாம் கேட்பது இவை: வேலை நேரத்தில் கூலி பிடிக்காமல் பாலூட்ட அவகாசம், குழந்தைகள் உள்ள தோட்டங்களில் சுத்தமான காப்பகம், அங்கே சீனியில்லாத கஞ்சியும் காய்கறியும் சமைத்துக் கொடுக்க ஓர் ஆள். கிராணிமார்கள் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் சீனி அளவை, படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் படித்துச் சொல்லுங்கள். கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

கூலி உயர்வுக்காகப் போராடத் தெரிந்த நமக்கு, பிள்ளையின் கிண்ணத்துக்காகவும் குரல் கொடுக்கத் தெரியவேண்டும். பிள்ளை தேறினால்தானே கூலி உயர்ந்ததற்கும் பொருள் உண்டு!