சொந்த விமானமும் குடிதண்ணீரும்

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் ஒரு கட்டுரை கொடுத்தோம். கி.பி. 2200-ஆம் ஆண்டில் அவரவர் குடும்பத்துக்கும் சொந்தமாக ஓர் ஆகாயக் கப்பல் இருப்பதாகப் பாவித்துக் கொண்டு, ஒரு நாள் வாழ்க்கையை வர்ணிக்க வேண்டியது. 40 பேரில் 39 பேர் காலை எழுந்ததும் சண்டைக்குக் கிளம்பி விட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தார் மேல் ஒளிக்கதிர் பாய்ச்சி, மத்தியானத்துக்குள் வெற்றிக்கொடி நாட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமானதால் திரும்பி வந்தார்கள். ஒருவரும் பல் துலக்கியதாக எழுதவில்லை.

மிச்சமிருந்த ஒரு பெண் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தாள். அவள் வீட்டுக் கப்பலில் தண்ணீர் அளவுதான். குளித்த நீரே சுத்தமாகிக் குடிநீராக வரும் என்பதைக் கேள்விப்பட்டு ஆயா அதைத் தொடமாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்துக்குக் கப்பலை இரவல் கேட்கிறார். எரிபொருளை யார் நிரப்புவது என்று அப்பாவும் சித்தப்பாவும் தர்க்கம் செய்கிறார்கள். இவ்வளவுதான் கதை. நாம் சிவப்பு மையினால் 'கற்பனை போதாது' என்று எழுதி, 10-க்கு 4 போட்டுக் கொடுத்து விட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து நம் மைத்துனர் வந்திருந்தார். செஞ்சிக்கு வருகிற உறவினரைக் கோட்டைக்கு அழைத்துப் போகாமல் இருப்பதற்கில்லை. 2025-ல் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மஹாராஷ்டிரத்துக்கு வெளியே இடம் பெற்றது நம் கோட்டை ஒன்றுதான். அது முதல் விருந்தாளிகளும் பெருகியிருக்கிறார்கள். நம் முழங்கால் வலியும் பெருகியிருக்கிறது. ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே, சிவாஜியின் குமாரர் ராஜாராம் இங்கே தங்கியதையும், 1690 முதல் 1698 வரை மொகலாயச் சேனை முற்றுகையிட்டதையும் வழக்கம் போல் பிரசங்கம் செய்தோம்.

"அது சரி, அத்திம்பேர்! அத்தனை வருஷம் உள்ளே இருந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார் மைத்துனர்.

இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கிற நமக்கு, தளபதிகளின் பெயரெல்லாம் வரிசையாக வரும். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நாமும் கேட்டுக் கொண்டதில்லை. பதிலோ கண்ணெதிரே இருந்தது. அடிவாரத்தில் அந்தப் பெரிய களஞ்சியம், சக்கரக்குளம், செட்டிகுளம், கல்யாண மஹாலுக்கு மண்குழாய் வழியே நீர் கொண்டு வந்த ஏற்பாடு, உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைப் பிளவின் மேல் மரப்பாலம்—அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களுக்கும் பூலோகத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு சமயம் மராட்டிய வீரர்கள் வெளியே வழி மறித்ததில், முற்றுகையிட்டவர்களே தானியம் கிடைக்காமல் தவித்தார்கள். கோட்டை என்பது பீரங்கி மட்டுமல்ல. நெல்லும் நீரும் சேர்ந்ததுதான்.

மரப்பாலத்தின் மேல் நிற்கும்போதுதான் அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. நமக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகாயத்தில் நடக்கிற உண்மைச் சங்கதியும் அவள் கட்சியைத்தான் பேசுகிறது. பூமியின் பிடியை விட்டு விலக விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதனால்தான் விண்ணுக்குக் கிளம்புகிற ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருளாகவே இருக்கிறது. பிரயாணிக்கு மிஞ்சுவது சொற்பம். சித்தப்பாவோடு தர்க்கம் வராமல் என்ன செய்யும்? சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்து, அதில் 100-க்கு 98 பங்கைத் திரும்பக் குடிநீராக்க முடியும் என்று 2023-ல் காட்டியிருக்கிறார்கள். ஆயாவின் ஆட்சேபணை வெறும் பிடிவாதமல்ல என்று இப்போது தெரிகிறதல்லவா? அந்த நிலையம் சுமார் 90 நிமிஷத்தில் பூமியை ஒரு முறை சுற்றி விடுகிறது. ஒரு நாளைக்கு 16 சூரியோதயம்! 2007-ல் மலேசியாவிலிருந்து ஒரு முஸ்லிம் அன்பர் அங்கே போனபோது, தொழுகை நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் கூடி விதிமுறை வகுத்தார்கள். புறப்பட்ட இடத்து நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது தீர்மானம். நம்மவர் குடும்பம் குடும்பமாகப் போகிற காலத்தில் ஏகாதசிக்கும் அமாவாசைக்கும் பஞ்சாங்கக்காரர்கள் என்ன பாடு படுவார்களோ!

சொந்த விமானம் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல. நம் ஊருக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. அந்தச் சமயத்தவரான திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியில் வருகிற மயிற்பொறி, குடும்பத்துக்கென்று செய்த விமானம்தான். சச்சந்த மன்னன் கர்ப்பிணியான விசயைக்காகச் செய்வித்தான். கவி அதன் வேகத்தைச் சொல்லித் திருப்தி அடையவில்லை. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று சாமான் ஜாபிதாவே கொடுக்கிறார். ஏழு நாளில் வேலை முடிந்தது. பொறியை வலப்புறம் திருகினால் மேகத்தைக் கிழித்து எழும்பும். இடப்புறம் திருகினால் இறங்கிக் காலை மடக்கி உட்காரும். ஓட்டுவது ராஜாவல்ல, ராணி. அவளுக்கு முன்கூட்டியே பழக்கியும் வைக்கிறார்கள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக் கொண்ட அன்று அவள் அதில் ஏறித் தப்புகிறாள். நடுவானில் பகைவனின் வெற்றி முரசு காதில் விழுகிறது. கணவன் மாண்டான் என்று உணர்ந்து மூர்ச்சையாகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் பிறந்தது அங்கேதான்.

திங்கட்கிழமை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னோம். அந்தப் பெண்ணின் கட்டுரையையும் எல்லோருக்கும் படித்துக் காட்டினோம். ஆயா வந்த இடத்தில் பையன்கள் சிரித்தார்கள், இரண்டாந்தரம் சிரிக்கவில்லை. முடிந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"ஸார், அந்த மயில் ஒருத்தருக்குத்தானே? ஏழு நாளில் ஒன்று செய்தவர் இன்னும் ஏழு நாளில் ராஜாவுக்கும் ஒன்று செய்திருக்கலாமே?"

ராஜா வீரன், ஓடமாட்டான் என்று சொல்ல வாயெடுத்தோம்.

"அப்படியானால் ராணிக்குச் சமைத்துப் போட்டவர்கள்? அவர்கள் அன்றைக்கு எப்படிப் போனார்கள், ஸார்?"

மணி அடித்துவிட்டது. அவள் நோட்டில் 4-ஐ அடித்து 9 என்று திருத்திக் கொடுத்தோம். அடுத்த கட்டுரைக்கு அவள் கேட்டதையே தலைப்பாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் 40 நோட்டும் நம் மேஜைக்கு வந்தாக வேண்டும்.