டயர் கிழிந்தால் சைக்கிளை மூலையில் போடலாமா?



உங்கள் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டின் மூலையைக் கொஞ்சம் பாருங்கள். காற்றுப் போன சைக்கிள் ஒன்றிரண்டு தூசி படிந்து நிற்கும். கேட்டால், "டயர் போச்சு சார், அப்பா அடுத்த மாசம் வாங்கித் தர்றேன்னாரு" என்பார்கள். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் ரிம் துருப்பிடித்து, செயின் இறுகி, சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். தமிழக அரசு 2001-ம் ஆண்டு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததே, தூரத்துப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்றுதான். அந்த சைக்கிள் ஒரு கிழிந்த டயருக்காகச் சுவரில் சாய்ந்து நின்றால், அந்த அக்கா மறுபடியும் நடக்க வேண்டுமே!

வெளியே தெரியும் தடித்த உறைதான் டயர். உள்ளே காற்றைப் பிடித்து வைப்பது டியூப். பஞ்சர் ஆவது டியூப். குற்றவாளி ஒளிந்திருப்பதோ டயரில்! நம் ஊரில் பெரும்பாலும் அது சீமைக் கருவேல முள். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால், தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி பஞ்சர். டயரின் உட்புறம் முழுக்க ஒரு பழைய துணியால் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவாதீர்கள், கண்ணாடிச் சில்லும் இருக்கலாம்.

காற்று இறங்கியதுமே பஞ்சர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வால்வின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால் டியூப்தான் போயிருக்கிறது. அதை மாற்றினால் போதும்.

டியூபை ஒட்டும்போது பலரும் அவசரப்படுகிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தை ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, சில நிமிடம் காயவிட வேண்டும். ஈரப் பசையில் ஒட்டினால் ஒட்டு நிற்காது.

டயரே கிழிந்திருந்தால்? சின்னக் கிழிசல் என்றால், பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, ஓரங்களை மெலிதாகச் சீவி, உள்ளே வைத்து ஒட்டலாம். கொஞ்சம் பெரிதானால், செருப்புத் தைக்கும் தாத்தா தடித்த நூலால் தைத்துக் கொடுப்பார். தையல் டியூபில் உராயாமல் இருக்க அதன் மேலும் ஒரு துண்டு வைக்க வேண்டும். பல மாதம் ஓடும்.

காற்றுக் குறைவாக ஓட்டுவது டயருக்குப் பரம எதிரி. கல்லில் ஏறும்போது ரிம் டியூபை நசுக்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். மூன்று பேர் ஏறினால் சொல்லவே வேண்டாம்! வெயிலில் கிடந்தாலும் ரப்பர் வெடிக்கும்.

அதிக எடையைச் சுமப்பதால் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். புது டயர் வாங்கினால் அதை முன்னால் போட்டு, பழைய முன் டயரைப் பின்னால் மாற்றச் சொல்லுங்கள். ஓடும்போது முன் டயர் வெடித்தால் ஹேண்டில் நம் கைக்கு அடங்காது, கீழே விழுந்துவிடுவோம்.

எல்லா டயரையும் பிழைக்க வைக்க முடியாது. உள் நூல் வெளியே தெரிந்தாலோ, பக்கவாட்டில் புடைத்தாலோ, ஓரக் கம்பி அறுந்தாலோ ஒட்டுப் போட நினைக்காதீர்கள், ஆபத்து. கம்பி அறுந்ததைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். நன்றாகத் தேய்ந்ததை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தம்பி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க உருட்டட்டும்.