செட்டர் எங்கே என்று தேடுகிறீர்களா?

ஜாவாவில் ஜாக்ஸ்பி வைத்து எக்ஸ்எம்எல் படித்திருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். எக்ஸ்ஜேசி எழுதித் தரும் கிளாஸில் எல்லாவற்றுக்கும் கெட்டர், செட்டர் இரண்டும் இருக்கும்; லிஸ்டுக்கு மட்டும் செட்டர் இருக்காது. "டூல் மறந்துடுச்சு போல"ன்னு நாமே ஒன்றை எழுதிச் சேர்ப்போம். அடுத்த முறை எக்ஸ்ஜேசி ஓடியதும் அது காணாமல் போகும்.

டூல் எதையும் மறக்கவில்லை. அந்த கெட்டர் தருவது நகல் இல்லை, உள்ளே இருக்கும் அதே லிஸ்ட். கெட்டருக்கு மேலே கமெண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நாமதான் கமெண்டைப் படிக்கிற ஜாதி இல்லையே!

நான் பட்டதைச் சொல்கிறேன். மினி புராஜெக்டுக்கு நம்ம ஊர்ச் செப்பேடுகளை எடுத்துக்கொண்டேன். 1905இல் திருவாலங்காட்டில் கிடைத்த, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து 31 ஏடுகள். ஒவ்வொரு ஏடும் ஒரு எலிமெண்ட். திரையில் தமிழ்ப் பகுதி மட்டும் தெரிந்தால் போதும் என்று, கெட்டர் தந்த லிஸ்டில் ரிமூவ்இஃப் போட்டு சமஸ்கிருத ஏடுகளை நீக்கினேன். திரை அழகாக வந்தது. பிறகு வேறு ஏதோ எழுத்துப் பிழையைத் திருத்தி சேவ் அழுத்தினேன். கோப்பிலிருந்தே அவை போய்விட்டன. சோழர் வம்சாவளி இருப்பதே அந்த ஏடுகளில்தான். எர்ரர் எதுவும் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தேன். அசல் ஏடுகளை வளையத்தில் கோத்து, ராஜமுத்திரை வைத்து மூடியிருந்தார்கள். நான் திறந்தே விட்டிருந்தேன்.

இதற்காக ஜாக்ஸ்பியைத் திட்ட மாட்டேன். லிஸ்ட் இல்லாவிட்டால் கெட்டரே புதிதாக உருவாக்கித் தருகிறது. நல் செக் இல்லாமல் நேராக ஆட் செய்யலாம். ஆனால் 'கெட்' என்ற பெயர் ஏமாற்றுகிறது என்பதே என் புகார். பிரவுசரில் கெட்எலிமெண்ட்ஸ்பைடேக்நேம் தருவதும் இதே மாதிரி உயிருள்ள பட்டியல்தான். லூப்பில் நீக்கிக்கொண்டே போனால் பாதி தப்பிவிடும்.

பார்க்க மட்டும் வேண்டுமென்றால் புது அர்ரேலிஸ்டில் நகலெடுங்கள். நகலில் நீக்கினால் அசல் பத்திரம். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டைத் திருத்தினால் மட்டும் அசலும் மாறும். முழுசாக மாற்ற வேண்டுமா? கிளியர், பிறகு ஆட்ஆல். அங்கேயும் ஒரு பள்ளம்: கெட்டரில் வாங்கிய அதே லிஸ்டை கிளியர் செய்துவிட்டு அதையே ஆட்ஆலுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது பூஜ்யம்.

வைவாவில் ஜாக்ஸ்பியின் விரிவாக்கம் கேட்கிறார்கள். இந்த நாலு வரி கோடைக் காட்டி "கோப்பில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்?