சாலைக் கலமும் யாத்திசையும்: சிறுமுதலீட்டு வரலாற்றுப் போர்ப்படங்கள் பற்றி

'யாத்திசை' 2023 ஏப்ரல் 21 அன்று வெளிவந்தது. அடுத்த வாரமே 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் திரையரங்குகளைத் தனதாக்கிக்கொண்டது. இந்த அண்மையால், தரணி ராசேந்திரனின் படம் குறித்த உரையாடல் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே நடந்து முடிந்தது. இத்தனை சிறிய முதலீட்டில் இவ்வளவு செய்திருக்கிறார்களே என்று வியந்தோரும், இன்னும் பணம் கிடைத்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்று இரங்கியோரும் ஒரே அளவுகோலையே கையில் வைத்திருந்தனர். பெரிய படமே வரலாற்றுப் படத்தின் இயல்பான வடிவம், சிறிய படம் அதன் குறைபட்ட நகல் என்பது அவ்வளவுகோல்.

பணமின்மை உண்டாக்கும் குறைகள் வெளிப்படையானவை. நூறு பேரை ஆயிரம் பேராகக் காட்டப் புகையும் இருளும் துணைக்கு வரும், கேமரா நடுங்கும், கோட்டை கணினிக்குள் எழும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பணமே தேவைப்படாத இடங்களில் நேரும் குறைகளைத்தான் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

அந்தப் படத்தின் நாயகர்களுள் ஒருவன் பாண்டியன் ரணதீரன். அவன் யாரோடு போரிட்டான் என்பதற்கு வேள்விக்குடிச் செப்பேடு நேரடிச் சான்று. அவனுடைய பெயரன் நெடுஞ்சடையன் காலத்தில் வெளியிடப்பட்ட அச்செப்பேடு, மருதூரில் ஆய்வேளை வென்றதையும், செங்கொடியிலும் புதான்கோட்டிலும் நடந்த போர்களையும், மங்கலபுரத்தில் மாரதரை அழித்ததையும் வரிசைப்படுத்துகிறது. மருதூர் என்பது அம்பாசமுத்திரம் அருகேயுள்ள திருப்புடைமருதூர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே தோற்ற ஆய்வேள், பொதியமலையிலிருந்து மேற்கே இன்றைய திருவனந்தபுரம் வரை நீண்ட ஆய்நாட்டின் தலைவன். பாண்டியருக்கும் சேரருக்கும் இடையே நசுங்கி, இருவரோடும் மாறிமாறி நின்று, இறுதியில் பெயரே இல்லாமல் கரைந்த நாடு அது. படமோ அவனை ஒதுக்கிவிட்டு எயினர் என்ற குடியையும் கொதி என்ற தலைவனையும் எதிர்நிறுத்துகிறது. கற்பனை செய்வது குற்றமன்று. ஆனால் பேரரசை எதிர்த்து எழும் சிறுகுடி, அதன் சினம்கொண்ட தலைவன், முடிவில் இருவருக்குள் நேர்ச்சமர் என்ற கதையமைப்பு 'பிரேவ்ஹார்ட்' முதலாக உலகச் சந்தையில் ஆயத்தமாகக் கிடைப்பது. செப்பேட்டிலுள்ள ஆய்வேளின் இக்கட்டு அப்படிக் கிடைப்பதன்று.

மொழியும் அவ்வாறே. எயினர்க்குச் சங்கச் சொற்களால் ஒரு பேச்சை உருவாக்கி, அடியில் இன்றைய தமிழை எழுத்தாகக் காட்டிய துணிவு பாராட்டுக்குரியது. பெரிய படங்கள் எதுவும் அதைச் செய்யத் துணியவில்லை. எனினும் ரணதீரன் காலத்தையொட்டிய தமிழ் உரைநடை செப்பேடுகளிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளிலும் இருக்கிறது. அதைத் தாண்டிச் சில நூற்றாண்டு முந்தைய பாட்டு மொழிக்குச் சென்றதால், பேச்சு பழமையாக ஒலிக்கிறதே தவிர, அந்தக் காலத்தின் பேச்சாக ஒலிக்கவில்லை. தேவரடியாரை வெறும் அடிமைத்துயராகச் சுருக்கியதும் இந்த வகைக் குறையே. சோழர் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் நிலமும் பொன்னும் கொடையளிப்போராகவும் கோயிலில் உரிமை பெற்றோராகவும் நிற்பதை லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த நூலைப் படிக்க ஒரு நூலகச் சீட்டு போதும்.

இங்கே திருவனந்தபுரத்துச் சாலையை நினைக்க வேண்டியிருக்கிறது. ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த கம்போளமாகவே இன்று அப்பெயர் அறியப்படுகிறது. தமிழ் வணிகர் நெடுங்காலமாகக் கடை நடத்தும் தெரு. அதன் மேற்படியாக நிற்கும் சொல் வேறு. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவனுடைய வெற்றிகளுள் முன்னிறுத்துவது காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததை. அச்சாலையை வலியசாலையோடு இணைப்போர் பலர். விழிஞத்தையொட்டித் தேடுவோரும் உளர். கலம் என்பது மரக்கலமா, உண்கலமா, வழக்கா என்ற விவாதமும் முடியவில்லை. கவிமணி இதற்கென்றே தனிநூல் எழுதினார், எம். ஜி. எஸ். நாராயணன் அதை ஆயுதப் பயிற்சியும் கொண்ட கல்விச்சாலையாகக் கண்டார். இந்நிகழ்ச்சியை யாரேனும் படமாக்கினால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை: கடலில் கப்பல்கள் எரியும். முதலீடு சிறிதெனில் பொம்மைக் கப்பல்கள் எரியும். அந்தத் தீயோடு மற்ற இரு பொருள்களும் எரிந்துவிடும். அடுத்த ஆண்டு வகுப்பறையில் கலம் என்றால் கப்பல்தான் என்று மாணவர் உறுதியாகச் சொல்வர். வரலாற்றுத்துறையினர் இப்படங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாததன் காரணம் இதுவே.

பெருந்திரளைக் காட்ட இயலாதது ஒரு குறையா என்பதையே மறுபடியும் கேட்கலாம். தென்கோடியின் போர்ச் சான்றுகள் பெரும்பாலும் சிறியவை. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்திலுள்ள மாறஞ்சடையனின் 27ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு, விழிஞத்தின்மேல் சேரமானார் படை வந்தபோது கரைக்கோட்டையில் பொருது வீழ்ந்த ரணகீர்த்தி என்ற வீரனுக்காக எழுதப்பட்டது. கழுகுமலையில் அதே மன்னனின் மற்றொரு கல்வெட்டு, மலைநாட்டுச் சடையன் கருநந்தன்மேல் சென்ற படையெடுப்பில் அருவியூர்க் கோட்டையில் மாண்ட இரு சேவகரை நினைவுகூர்கிறது. ஒரு கோட்டை, ஒரு பெயர். ஒரு கோட்டை, இரண்டு சாவு. இவற்றுக்கு யானைப்படை எதற்கு? இருபது நடிகரும் ஒரு பாறைக்கரையும் உள்ள இயக்குநருக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. ஆனால் இருபது பேரை வைத்திருப்பவர் தேடுவது இருபதாயிரவர் போரை.

இந்நகரின் திரைவரலாற்றிலேயே ஒரு மாற்று உண்டு. சி. வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து பி. வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' 1933இல் திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் காட்டப்பட்டது. மௌனப்படம், நடிப்பு மேடைத்தனம் மிகுந்தது, சண்டைகள் இன்று சிரிப்பூட்டும். நாவலின் உரிமை கமலாலயம் புத்தக நிலையத்திடம் இருந்ததால் வழக்கு எழுந்து படச்சுருள் பறிமுதலானது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தபின்தான் மீண்டும் பார்க்கக் கிடைத்தது. ஆயினும் அதில் ஒரு பகுதி யாராலும் போலி செய்ய இயலாதது: சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆறாட்டு ஊர்வலம், உள்ளபடியே பதிவானது. அரசப் பெருமிதத்தைத் துணை நடிகரைக் கொண்டு செய்து காட்டப் பணமில்லாத படம், நகரில் நடந்துகொண்டிருந்த அரசச் சடங்கையே எடுத்துக்கொண்டது. காலம் இருநூறு ஆண்டு பிசகியது உண்மைதான். என்றாலும் ஊரும் யானையும் கூட்டமும் மெய். இன்று அப்படத்தில் ஆவணமாக எஞ்சுவதும் அதுவே.

ஆர்சன் வெல்ஸ் 1965இல் 'சைம்ஸ் அட் மிட்நைட்' எடுத்தபோது, ஷ்ரூஸ்பரி போருக்கு அவரிடம் இருந்த துணை நடிகர் சுமார் 180 பேர். அவர் அவர்களைச் சேற்றில் புரளவிட்டுத் துண்டுதுண்டாக வெட்டித் தொகுத்தார். முடிவில் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் களைத்த உடல்கள் மட்டும் எஞ்சும். பிரெசோன் 1974இல் லான்சலாட் கதையை எடுத்தபோது ஈட்டிப்போட்டியைக் குதிரைக் கால்களாலும் கவசத்தின் ஓசையாலும் சொன்னார். இருவரும் தம்மிடம் இல்லாததை மறைக்க முயலவில்லை.

காந்தளூருக்குத் திரும்பினால், இத்தகைய படத்துக்கான பொருள் 866ஆம் ஆண்டின் பார்த்திவசேகரபுரச் செப்பேட்டில் காத்திருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்றுக் கோயில் எழுப்பி, காந்தளூர் முறைப்படி 95 சட்டர்க்குச் சாலை அமைத்தான். ஒருவரையொருவர் ஏசக்கூடாது, ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது என்ற விதிகளும் மீறினால் தண்டமும் அதில் எழுதப்பட்டுள்ளன. வேதம் ஓதும் பிள்ளைகள் வாளோடு அவைக்கு வந்ததால்தானே அந்த விதி வந்திருக்கும்? சட்டர் தொண்ணூற்றைவர், உண்டிச்சாலை ஒன்று, எல்லைக்கு அப்பால் பாண்டியன், வடக்கே சேரன். முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் அக்கோயில் இன்றும் நிற்கிறது. சாலையிலிருந்து பேருந்தில் ஏறினால் அரைநாளுக்குள் போய்த் திரும்பலாம்.