தாத்தா ரேடியோவும் நான் வாங்கிய பல்புகளும்

லீவு விட்டா எல்லாரும் கிடார், கராத்தேன்னு எதையாவது கத்துக்கிறாங்க. நான் வால்வு ரேடியோ ரிப்பேர் பண்ணக் கத்துக்கிட்டேன். உண்மையைச் சொன்னா, வீட்டு மெயினை எத்தனை விதமா ட்ரிப் பண்ணலாம்னு கத்துக்கிட்டேன்.

திருநெல்வேலியில எங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட ரேடியோ கிடந்தது. நல்ல தேக்கு மரப்பெட்டி. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே பேச்சை நிறுத்தினது. பின்மூடியைக் கழட்டினா ஒரு கரப்பான் குடும்பம், ரெண்டு பல்லி முட்டை.

முதல் தப்பு, நேரா பிளக்ல சொருகினது. வருஷக்கணக்கா தூங்கின ரேடியோவில எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் காய்ஞ்சு போயிருக்கும். 'டப்'புன்னு ஒரு சத்தம், கருகின வாடை, வீடே இருட்டு. சீரியல்ல மாமியார் உண்மையைச் சொல்ற நேரம். "ஏல, அவ என்ன சொன்னான்னு இனி யார்ட்டல கேக்க?"ன்னு ஆச்சி கத்தினது தெருவுக்கே கேட்டுச்சு.

சரியான முறை வேற. ரேடியோவோட தொடரா ஒரு குண்டு பல்பை மாட்டணும். உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பளிச்னு எரியும், ரேடியோ தப்பிக்கும். நான் புத்திசாலித்தனமா எல்.இ.டி. பல்பு மாட்டிட்டு அரை மணி நேரம் முழிச்சேன். அதுக்கு இழை கிடையாது, இந்த வேலைக்கு ஆகாது. கடைசியில மூணு கடை ஏறி நிஜமாவே பல்பு வாங்கினேன் :-)

அடுத்தது டயல் நூல். சக்கரங்களைச் சுத்தி ஒரு மாதிரி சுத்தணும். நான் சுத்தினதில் குமிழை வலப்பக்கம் திருப்பினா முள் இடப்பக்கம் ஓடுச்சு.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம் மக்களே. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சர்ல 250 வோல்ட் மாதிரி நின்னுக்கிட்டிருக்கும். டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டுல சேஸிஸ்லயே கரண்ட் வரலாம். தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லாம கை வைக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நடுவுல அத்தான் வந்து, "உள்ள உள்ளதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒரு ப்ளூடூத் போர்டு வையில, ஒரு மணி நேர வேலை"ன்னார். எனக்கும் ஆசை வந்து ஸ்குரூடிரைவரை எடுத்துட்டேன். அப்பதான் டயல் கண்ணாடியில ஒரு சின்ன சிவப்புப் பொட்டு கண்ணுல பட்டது. இலங்கை வானொலி கிடைக்கிற இடத்துல தாத்தா வச்ச அடையாளமாம். உள்ளே ஒண்ணுமே இல்லைன்னா அந்தப் பொட்டு எதைக் காட்டும்?

ப்ளூடூத் மேல எனக்குக் கோபம் இல்லை. அதைக் கேட்கக் குடலை உருவத் தேவையில்லைங்கறேன். டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய செட்டுல பின்னாடி கிராமபோனுக்குன்னு ஒரு சாக்கெட் இருந்தா அதுலயே பாட்டை அனுப்பலாம். தூக்கிப் போட்ட வால்வும் காயிலும் மறுபடி வராது.

இன்னொண்ணு. இதைச் செஞ்சவங்க இது ஒருநாள் கெட்டுப்போகும்னு தெரிஞ்சே செஞ்சிருக்காங்க. வால்வைக் கையால பிடுங்கி மாத்தலாம். மூடிக்கு உள்பக்கம் சர்க்யூட் படமே ஒட்டியிருக்காங்க. என் மொபைல்ல பேட்டரியையே பசை போட்டு ஒட்டியிருக்கு. ரிப்பேர் பண்ண முடியற ஒரு பொருளை ரிப்பேர் பண்ணாம காலி பண்றதுக்கு 'புதுப்பிக்கிறது'ன்னு பேர் வைக்காதீங்க.

"அதுல கேட்க என்ன இருக்கு?"ன்னு கேட்பீங்க. பாதி நியாயம். பி.பி.சி. தமிழோசை 2017-லயே வானொலியை நிறுத்திடுச்சு. சிற்றலையில இப்ப பாதி இரைச்சல்தான். மத்தியலையிலும் முதல்நாள் 'கொர்ர்'னுதான் வந்துச்சு. மூணு நாள் வால்வைத் திட்டின பிறகுதான் தெரிஞ்சது, கத்தினது எங்க வீட்டு எல்.இ.டி. விளக்கும் மொபைல் சார்ஜரும்.

எல்லாத்தையும் அணைச்சோம். டயல் வெளிச்சம் மட்டும். முள்ளை மெதுவா நகர்த்தினா 1053 கிலோஹெர்ட்ஸ்ல தூத்துக்குடி தெளிவா வந்துச்சு. ஆச்சி கிட்ட வந்து பொட்டைத் தொட்டுப் பார்த்தா. ரெண்டு பாட்டு முடியற வரைக்கும் நகரலை.

அப்புறம் சொன்னா: "சத்தத்தைக் கொறைச்சு லைட்டைப் போடுல, சீரியல் ஆரம்பிச்சிருப்பான்."